கூலி என்பது ஆளின் பெயரல்ல

ரஜினியின் ‘கூலி’ 2025 ஆகஸ்டு 14ஆம் தேதி திரைக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க நான் பணியாற்றும் வானொலியில் வேறு பேச்சே இல்லை. முதல் காட்சி பார்த்தவர்கள் அழைத்தார்கள், டிக்கெட் கிடைக்காதவர்களும் அழைத்தார்கள். நானும் என் பங்குக்கு, “மாசக் கடைசியில சம்பளத்துக்குக் காத்திருக்கிற நாம எல்லாருமே கூலிங்கதானே! வாங்க கூலிகளே, அடுத்த பாட்டைக் கேட்போம்” என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிவதற்குள் ஓர் அழைப்பு வந்தது. கேமரன் மலை, லெம்பா பெர்த்தாமிலிருந்து ஒரு பெரியவர். ஒலிபரப்பில் பேச வேண்டாம், என்னிடம் பேசினால் போதும் என்றார்.

“உன்னைத் திட்டக் கூப்பிடலம்மா. எங்க அண்ணனோட பழைய பிறப்புப் பத்திரம் எங்கிட்ட இருக்கு. அதுல எங்கப்பா பேருக்குக் கீழே தொழில்னு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? நீ இப்பச் சொன்ன அதே வார்த்தை.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? அது நம்ம வார்த்தைதானே? நம்ம வார்த்தை எப்படி நமக்கே வசவா ஆச்சு? படிச்ச பிள்ளை, பார்த்துச் சொல்லு.”

அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அகராதிகளைப் புரட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறி அவரையே பார்க்கப் போனேன். தேடியதில் கிடைத்ததும் அங்கே கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

கொடுப்பதுதான் கூலி

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கொடுக்கப்படும் பணமோ பொருளோதான். வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, நாட்கூலி எல்லாமே கொடுக்கப்படுபவை. நகைக்கடையில் தாலிக்கொடி வாங்கும்போது பவுன் விலையோடு செய்கூலியும் சேர்த்துக் கேட்கிறார்களே, அந்தக் கூலியும் பொற்கொல்லரின் கைவேலைக்கான பணம்தான். வேலை செய்கிற ஆளைச் சொல்ல வேண்டுமானால் ஒரு சொல்லைச் சேர்ப்போம்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி. பணம் வேறு, ஆள் வேறு.

கூலம் என்றால் தானியம். மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனாரை ‘மதுரைக் கூலவாணிகன்’ என்று சொல்வது அவர் தானிய வணிகர் என்பதால்தான். அந்தக் காலத்தில் உழைத்தவனுக்குத் தானியத்தை அளந்து கொடுத்தார்கள், அந்தக் கூலத்திலிருந்து கூலி வந்தது என்று சொல்லும் தமிழறிஞர்கள் உண்டு.

திருவள்ளுவர் இந்தச் சொல்லை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619ஆம் குறள் நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். தெய்வமே கைவிட்டாலும், உடம்பை வருத்திச் செய்த முயற்சி அதற்கான கூலியைக் கொடுத்தே தீரும் என்கிறது அது. அங்கே கூலி ஓர் இழிசொல்லாக வரவில்லை. தெய்வத்தாலும் தடுக்க முடியாத ஓர் உரிமையாக வருகிறது.

பிட்டுக்கு மண் சுமந்த கதையும் நமக்குத் தெரியும். மதுரையில் வைகை பெருக்கெடுத்தபோது கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது அரசன் கட்டளை. ஆளில்லாத வந்திக் கிழவிக்குச் சிவபெருமானே கூலியாளாக வந்தார். பேசிய கூலி உதிர்ந்த பிட்டு. வேலை சரியில்லை என்று அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகு உட்பட எல்லோர் முதுகிலும் விழுந்தது என்கிறது திருவிளையாடல் புராணம். கூலிக்கு வந்தவனை இழிவாக நடத்தினால் அது எல்லோரையும் தாக்கும் என்று நினைத்த ஒரு சமூகம்தான் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது.

நம்மிடமும் கசப்பான பொருள்கள் இல்லாமல் இல்லை. கைக்கூலி, கூலிப்படை, கூலிக்கு மாரடிப்பது என்றெல்லாம் சொல்கிறோம். ஆனால் அங்கேயும் குறை சொல்லப்படுவது காசுக்காகச் செய்யத் தகாததைச் செய்வது. உடம்பால் உழைப்பது குறையாகவில்லை.

ஆங்கிலத்தில் ஆளாக மாறியது

ஆங்கில அகராதியைத் திறந்தால் இதே ஒலியில் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் பொருள் மாறிவிட்டது. ஆங்கிலத்தில் ‘கூலி’ என்றால் பயிற்சி தேவைப்படாத உடலுழைப்புச் செய்யும் ஆசியத் தொழிலாளி. பணம் காணாமல் போய்விட்டது, ஆள் மட்டும் நிற்கிறார். அகராதிகள் இன்று இதன் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் போடுகின்றன: புண்படுத்தும் சொல், பயன்படுத்த வேண்டாம்.

இது தமிழிலிருந்துதான் போனதா? ஆங்கிலேயர்கள் இந்தியாவில் எடுத்துக்கொண்ட சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த புகழ்பெற்ற அகராதி ‘ஹாப்சன் ஜாப்சன்’. ஹென்றி யூல் என்பவரும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல் என்பவரும் சேர்ந்து செய்தது. அதில் இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, குஜராத் பக்கம் வாழும் ‘கோலி’ என்ற சமூகத்தின் பெயர். மற்றொன்று நம் கூலி. மேற்குக் கரையில் கேட்ட சமூகப் பெயரும் தெற்கே கேட்ட சம்பளப் பெயரும் ஐரோப்பியர் காதில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். ஆய்வாளர்கள் இன்றும் இந்த இரண்டையும்தான் பேசுகிறார்கள்.

எந்த வழியாக வந்திருந்தாலும் நடந்தது ஒன்றுதான். உழைத்தவனுக்குத் தர வேண்டியதைக் குறித்த நம் சொல், ஆங்கிலத்தில் உழைக்கிற உடம்பையே குறித்தது. பிறகு அதிலிருந்து ஒரு குடும்பமே கிளைத்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் ‘கூலி லைன்’ என்று பெயர். நம் மக்கள் அந்த லைனை லயம் ஆக்கிக்கொண்டார்கள். ஆள்களைக் கப்பலேற்றும் தொழில் ‘கூலி’ வணிகம் ஆனது. தேங்காயை விற்கிற, மிளகை விற்கிற அதே கணக்கில் ஆளும் சேர்ந்துவிட்டார்.

உருதுவில் ‘குலி’

இந்தச் சொல்லுக்கு உருதுவில் என்ன என்று தேடினால் ‘குலி’ என்று வருகிறது. கூ குறுகிக் கு ஆகியிருக்கிறது. அந்தக் ககரமும் நம் ககரம் இல்லை. தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒலி, அதற்கென்று தனி எழுத்தும் உண்டு. பொருள் சுமை தூக்குபவர். குறிப்பாக ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையும் அணிந்து பெட்டி சுமப்பவர். 1983இல் வந்த அமிதாப் பச்சனின் ‘கூலி’ படத்தில் அவருடைய வில்லை எண் 786 என்பது இந்தி சினிமா ரசிகர்கள் மறக்காத ஒன்று.

உருது அகராதிகளில் இதற்குத் துருக்கி மூலம் சொல்லப்படுவதுண்டு. துருக்கியில் ‘குல்’ என்றால் அடிமை. ‘குலி’ என்றால் இன்னாருடைய அடிமை. ஆனால் இது ஒருகாலத்தில் அரசர்கள் ஆசையாக வைத்துக்கொண்ட பெயர். 1591இல் ஹைதராபாத் நகரத்தை நிறுவிச் சார்மினாரைக் கட்டிய மன்னரின் பெயர் முகம்மது குலி குதுப் ஷா. உருதுவில் முழுக் கவிதைத் தொகுப்பு கண்ட முதல் கவிஞராக அவரைத்தான் கொண்டாடுகிறார்கள். அங்கே ‘குலி’ என்றால் இறைவனுக்கோ பெரியோருக்கோ தொண்டன். நம் ஊரில் ராமதாஸ், சிவதாசன், அடியார் என்று சொல்வது போல.

கடவுளுக்கு அடிமை என்று ஒருவர் தானே சொல்லிக்கொள்வது பக்தி. அதே சொல்லை ஒரு மனிதன் இன்னொரு மனிதன் மேல் ஒட்டும்போது கதை வேறாகிவிடுகிறது. மன்னரின் பெயரில் நடுவில் இருந்த அதே ஒலிதான் ரயில் நிலையத்தில் “ஏய் குலி!” என்று கூப்பிடும் குரலானது.

நாம் கூலி என்று சொல்வதை உருதுவில் சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றன. உழைப்பாளி ‘மஸ்தூர்’. அவருக்குக் கொடுப்பது ‘மஸ்தூரி’ அல்லது ‘உஜ்ரத்’. மஸ்தூர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தெற்கு ரயில்வே மஸ்தூர் யூனியன் என்று தொழிற்சங்கத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. போராடிச் சங்கம் கட்டியவர்கள் தங்களுக்கு எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

இந்திய ரயில்வேயும் ஒருவழியாக இதைக் கவனித்தது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சுரேஷ் பிரபு, சுமை தூக்குவோரை இனி ‘சகாயக்’, அதாவது உதவியாளர் என்று அழைக்க வேண்டும் என அறிவித்தார்.

கப்பலேறிய சொல்

பிரிட்டிஷ் பேரரசு தன் காலனிகளில் அடிமை முறையை 1834இல் ஒழிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் போகத் தொடங்கினார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புக் காடுகளுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூட்டம் அது. ஆள்களோடு இந்தச் சொல்லும் இறங்கியது.

அங்கே அது தொழிலைக் குறிப்பதையும் நிறுத்திக்கொண்டது. இந்தியர் என்றாலே கூலி. 1893இல் வழக்கறிஞராக அங்கு போன காந்தியடிகளுக்குக் கிடைத்த பெயர் ‘கூலி பாரிஸ்டர்’. கடை வைத்திருந்தவர் கூலி வியாபாரி. காந்தியடிகள் தம் சுயசரிதையில் இன்னொன்றும் சொல்கிறார். தமிழர் பெயர்களின் கடைசியில் சாமி என்று வருவதைக் கேட்ட வெள்ளையர்கள், இந்தியரை எல்லாம் ‘சாமி’ என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்களாம். துணிச்சல்காரர் சிலர் திருப்பிக் கொடுப்பார்களாம்: ‘சாமி என்றால் எஜமான் என்று பொருள், தெரியுமா? நான் உங்கள் எஜமான் இல்லையே!’

சாமிக்குப் பதில் சொல்ல முடிந்தது. கூலிக்கும் அதே பதில் இருந்தது: ‘கூலி என்பது நீங்கள் எனக்குத் தர வேண்டியது.’ ஆனால் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர் அதைத் துணிந்து சொல்ல முடியாது. அந்த நாள்களில்தான் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, எஜமானிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, ரத்தம் வடிய, தலைப்பாகையைக் கையில் ஏந்திக்கொண்டு காந்தியடிகள் முன் வந்து நின்றார்.

தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் நாடுகளிலும் இன்றும் அது வசைச்சொல்தான். அங்கே இந்தியரைப் பார்த்து அப்படிச் சொன்னால் சண்டை வரும். சீனர்கள் இதே ஒலிக்கு இரண்டு எழுத்துகளைப் பொருத்தி எழுதினார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. கசப்பான உழைப்பு! மலாயிலும் ‘குலி’ என்றால் ஆள்தான். கொடுக்கும் கூலிக்கு மலாயில் ‘உப்பா’ என்று தனிச் சொல் இருக்கிறது.

சிலர் இந்தச் சொல்லை ஒதுக்காமல் கையில் எடுத்துக்கொண்டதும் நடந்தது. மொரீஷியஸ் கவிஞர் கல் தொராபுல்லி 1992இல் ‘கூலித்துவம்’ என்று பொருள்படும் ஒரு புதுச்சொல்லை உருவாக்கி, கப்பலேறியவர்களின் வாரிசுகளை ஒன்றாகப் பேச வைத்தார். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர் காயத்ரா பகதூர், 1903இல் தனியாகக் கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பு ‘கூலிப் பெண்’. பாட்டியின் மேல் ஒட்டப்பட்ட பெயரைப் பேத்தியே அட்டையில் போட்டுக் கணக்குக் கேட்கிறார்.

ஒப்பந்தம் போனது, சொல் போகவில்லை

நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வருவது 1910இல் நிறுத்தப்பட்டது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதோ 1929இல். பாரத் தேயிலை 1933இல். அதாவது இந்த மலையில் தேயிலை நட்ட நம்மவர்கள் யாரும் ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவர்கள் இல்லை. கங்காணி மூலமாகவோ சொந்தமாகவோ வந்தவர்கள். சட்டப்படி சுதந்திரமானவர்கள். ஆனால் ஒப்பந்தக் காலத்துப் பெயர் அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவித்தொகையில் ஆள் அனுப்புவதையும் நிறுத்தியது. அப்போதும் பெயர் மாறவில்லை.

பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது என்று நீண்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஒரு கோரிக்கை இன்று படிப்பவர்களை நிறுத்திவிடும். துரைமார்களும் தோட்ட அதிகாரிகளும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. கூலி உயர்வும் கேட்டார்கள், கூலி என்ற நிலையிலிருந்து விடுதலையும் கேட்டார்கள். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்தக் கூலிப் பணம் என்னவெல்லாம் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறுவதற்காகத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வெள்ளியைக் கொடுத்தார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டி வாங்க வழி பிறந்தது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி வந்ததுதான். கூலி சேர்ந்து தோட்டமானது, புத்தகமானது. நான் இன்று அகராதி புரட்டி இதை எழுதுவதற்குப் பின்னால் யாரோ ஒரு பால்வெட்டுக்காரர் கொடுத்த வெள்ளியும் இருக்கிறது.

பத்திரத்தில் ஒரு கட்டம்

ரிங்லெட்டிலிருந்து பிரிந்து இறங்கும் சாலையில் லெம்பா பெர்த்தாம். சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். பெரியவர் வீட்டு வாசலில் காத்திருந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இளமையில் அங்கேயே வேலை செய்து, பிறகு இங்கே குடிவந்தவர். இப்போது மகன் சிறிய அளவில் காய்கறி பயிரிடுகிறார்.

தேநீர் வந்தது. பிறப்புப் பத்திரமும் வந்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் ஒட்டுப் போட்டிருந்தது. தந்தையின் பெயர். அதன் கீழ், தொழில் என்ற கட்டத்தில் சாய்வான கையெழுத்தில் அந்த ஒற்றைச் சொல்.

“எங்கப்பா கவ்வாத்து வெட்டுறதுல கெட்டிக்காரரு. செடி ஒரே மட்டத்துக்கு நிக்கும், மேசை மாதிரி. புதுசா வர்றவங்களுக்கு அவருதான் சொல்லிக் கொடுப்பாரு. அம்மா கொழுந்து எடுத்தாங்க. கவ்வாத்துக்காரர்னு எழுதியிருக்கலாம். தோட்டத் தொழிலாளின்னு எழுதியிருக்கலாம். எழுதினவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “உன் ரேடியோவுக்குக் கூப்பிட்டதுக்குக் காரணம் நீ இல்லம்மா. அன்னிக்குக் காலையில என் மகன் போன்ல யார்கிட்டயோ, ‘கூலிங்க இன்னும் வரல’ன்னான். தோட்டத்துல வேலை செய்யிற பசங்களைச் சொல்றான். அதே வார்த்தையை நீயும் ரேடியோவுல சொன்னே. எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு.”

மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மறுக்கவில்லை. “எல்லாரும் சொல்றதுதானேன்னு சொல்லிட்டேன்க்கா. யோசிக்கல” என்றார். நானும் யோசிக்காமல் சொன்னவள்தானே. என்ன பதில் சொல்வது?

மதியம் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனோம். பெட்டிகளில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பாகிஸ்தானியர், லாகூர் பக்கம். உருது பேசுகிறவர் கிடைத்துவிட்டாரே என்று எனக்குத் தெரிந்த மலாயில் பேச்சுக் கொடுத்தேன். குலி என்றால் உங்கள் ஊரில் என்ன? ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவர் என்றார், தலையில் பெட்டி வைப்பது போலக் கையை உயர்த்திக் காட்டி.

எங்கள் மொழியில் மாதக் கடைசியில் முதலாளி கொடுப்பதுதான் கூலி என்றேன். அவருக்குப் புரியவில்லை. “முதலாளி குலியைக் கொடுப்பாரா? ஆளையா கொடுப்பார்?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். இல்லையில்லை, மஸ்தூரி, பணம் என்று விளக்கியதும் இன்னும் பலமாகச் சிரித்தார். “அப்படியானால் அது நல்ல சொல். எனக்கு நிறையக் கூலி வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லுங்கள்.”

முதலாளியான மகனும் சிரித்தார். பெரியவர்தான் அதிகம் சிரித்தார். அவர் கேட்ட கேள்விக்கு அகராதிகளில் நான் தேடிய பதிலை அந்தத் தொழிலாளி ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆளின் பெயராக இருக்கும்வரை அது சுமை. சேர வேண்டிய பணத்தின் பெயராக இருந்தால் அது நல்ல சொல்.

நாம் யாரை அப்படிக் கூப்பிடுகிறோம்?

2013இல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். வீட்டுப் பணியாளர்கள் நீங்கலாக, உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஒரே சட்டம். தோட்டத் தொழிலாளர்கள் நாட்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாற எத்தனை காலம் போராட வேண்டியிருந்தது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். எண்ணைச் சட்டம் மாற்றும். வாயில் வரும் பெயரை நாம்தான் மாற்ற வேண்டும்.

இன்று கேமரன் மலையில் தேயிலைச் சரிவிலும் காய்கறிக் கொட்டகையிலும் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் என்று பலரும் வேலை செய்கிறார்கள். கோலாலம்பூரில் நாம் சாப்பிடும் கீரை அவர்கள் கைபட்டு வருவது. அவர்களைக் ‘கூலிங்க’ என்கிறோம், இல்லாவிட்டால் ‘பங்களா’ என்கிறோம். ஒருவர் பெயரைக் கேட்கச் சோம்பல்பட்டு நாட்டின் பெயரில் பாதியை வெட்டிக் கூப்பிடுவது, நேட்டாலில் நம் மக்களைச் ‘சாமி’ என்று கூப்பிட்டதிலிருந்து எவ்வளவு தூரம்? நம் தாத்தாவைக் காயப்படுத்திய சொல்லை நாமே இன்னொருவர் தாத்தாவாகப் போகிறவர் மேல் ஒட்டுகிறோம்.

அதற்காகக் கூலியை அகராதியிலிருந்து நீக்க வேண்டியதில்லை. திருவள்ளுவர் எடுத்தாண்ட சொல்லை நாம் ஏன் விட வேண்டும்? கூலி உயர்வு என்று சொல்லலாம், கூலிப் பாக்கி என்று உரக்கவே கேட்கலாம். உழைப்பவரைத் தொழிலாளி என்போம், இன்ன வேலைக்காரர் என்போம், எல்லாவற்றையும்விட அவர் பெயரைச் சொல்வோம். வீட்டில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்துக்கு ஆங்கில அகராதி புரட்டும்போது இந்தச் சொல் எதிர்ப்பட்டால், அதன் தமிழ்ப் பொருளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.

புறப்படும்போது பெரியவர் ஒன்று கேட்டார். “அன்னிக்கு ரேடியோவுல சொன்னேல்ல, அதே நேரத்துல எங்கப்பா பேரைச் சொல்லி அவர் தொழிலையும் சரியாச் சொல்லிடுறியா?”

அடுத்த திங்கள்கிழமை காலை, அதே நிகழ்ச்சியில், பாட்டுக்கு முன்னால் அவர் தந்தையின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். தொழில்: கவ்வாத்து வெட்டியவர், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். பாட்டு ஓடும்போதே லெம்பா பெர்த்தாமிலிருந்து அழைப்பு வந்தது. மகன்தான் பேசினார். “அப்பா கேட்டுட்டாருக்கா. இப்ப நாங்க ஆறு பேரும் கொட்டகையில உட்கார்ந்து கேட்டோம்” என்று சொல்லிவிட்டு, அங்கே வேலை செய்யும் நால்வரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.